இன்னாசி விளக்கிய இந்திப் படம்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இது ஓர் இந்திப் படத்தைப் பற்றிய கதையாகத்தான் இருந்திருக்க வேண்டும். எழுபத்துமூன்றில் காமயகவுண்டன்பட்டி டூரிங் டாக்கீஸில் பார்த்த படம். பெண்களிடம் பேசத் தெரியாத ஒரு பிரம்மச்சாரி, நண்பனிடம் பாடம் கேட்டுக்கொண்டு காதலிக்கக் கிளம்புவான். ஒரே சிரிப்பு. அதற்கு மேல் எனக்கு எதுவும் நினைவில்லை. காரணம், திரைக்குப் பக்கத்தில் மைக் பிடித்து விளக்கம் சொன்ன ஆள். அவர் பெயர் தெரியாது. இன்னாசி என்று நான்தான் வைத்தேன். வைத்த நாளிலிருந்து என் உயிரை வாங்குகிறான்.

2

முதல் தொடக்கம்: "கம்பம் பள்ளத்தாக்கில் மாலை மெல்ல..." (அடித்துவிட்டேன். மாலை எந்த ஊரில்தான் ஓடிவருகிறது?)

இரண்டாவது: "இன்னாசிக்கு வயது முப்பத்தாறு. இதுவரை அவன் ஒரு பெண்ணிடமும்..." (முடிக்கக் கூச்சமாக இருக்கிறது. அவன் கூச்சம் எனக்கும் ஒட்டிக்கொண்டது.)

சுருக்கமாகச் சொல்கிறேன். டாக்கீஸ் முதலாளி சுருளியாண்டிக்குத் தமிழ்ப் படம் எதுவும் சிக்கவில்லை. மலிவாகக் கிடைத்த இந்திப் படப்பெட்டியை எடுத்துவந்துவிட்டார். ஊரில் இந்தி தெரிந்தவன் இன்னாசி ஒருவன்தான். கம்பத்தில் ஏலக்காய்க் கடையில் வேலை. வடக்கேயிருந்து வரும் வியாபாரிகளோடு பேசிப் பேசிப் பிடித்த இந்தி. காயின் நிறம், ஈரம், எடை, லாரி வாடகை எல்லாம் அதில் உண்டு. காதல் மட்டும் இல்லை.

3

செலின் ஊர்ப் பள்ளிக்கூடத்து டீச்சர். ஞாயிறுதோறும் மாதா கோயிலில் பூசை முடிந்து அவள் வாசலில் நிற்பாள். இவன் செருப்பைத் தேடுவதுபோல் அங்கேயே சுற்றுவான். செருப்பு காலில்தான் கிடக்கும்.

வருகிற ஞாயிறு அவளைப் பார்க்கத் திண்டுக்கல்லிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். பேச்சு முடிந்தால் மறுவாரமே கோயிலில் கல்யாண ஓலை வாசித்து ஊருக்கு அறிவித்துவிடுவார்கள். இது இன்னாசிக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்தான்? டாக்கீஸுக்கு மைக் பிடிக்கப் போய்விட்டான்!

(ஒன்றைக் கவனியுங்கள். ஊரில் அவனுக்கு இளையவர்கள் எல்லாருக்கும் அவன் 'இன்னாசி அண்ணே'. செலின் மட்டும் ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை. இதைக்கூடக் கவனிக்காதவனை நாயகனாக வைத்துக்கொண்டு நான் எப்படிக் கதை எழுதுவது?)

4

தரை டிக்கெட்டில் ஆண்கள் பக்கம், பெண்கள் பக்கம். நடுவில் இடுப்பு உயரத்துக்கு மண்சுவர். சுவரோரமாகச் செலின். திரைக்குப் பக்கத்தில் மேடைமேல் மைக்கோடு இன்னாசி. படம் கடைசிக் காட்சிக்கு வந்துவிட்டது. பூங்காவில் நாயகன் நாயகியைப் பார்த்து நீளமாகப் பேசுகிறான்.

"ஏலே இன்னாசி, என்னலே சொல்றான்?"

"அது வந்து... காய் நல்ல நெறமா இருக்குங்கிறான்."

கொட்டகையே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த இடத்தில் அவன் பேசுவதற்காக ஒரு பக்கத்துக்கு வசனம் எழுதி வைத்திருந்தேன். அவன் அதைத் தொடவே இல்லை.

"கல்யாணமே பண்ணாதவன்ட்ட போயி இதக் கேட்டா அவனுக்கு என்ன தெரியும்? எறங்கச் சொல்லுங்கலே!" என்று யாரோ கத்தினார்கள்.

இன்னாசி இறங்கவில்லை. மைக்கை இன்னும் கிட்டே கொண்டுபோனான்.

"எனக்கு முப்பத்தாறு வயசாச்சுங்கிறான். ஞாயித்துக்கெழம மட்டுந்தான் பாக்க முடியுதுங்கிறான். வர்ற ஞாயிறு யாரோ வாராகளாம். அவுக வராம இருந்தா நல்லாருக்கும்ங்கிறான். செருப்பு ஒருநாளும் தொலையலங்கிறான்."

திரையில் இருந்தவனுக்கு இருபத்தைந்துகூட இருக்காது. காலில் பளபளவென்று பூட்ஸ். சிரித்தவர்கள் ஒவ்வொருவராக நிறுத்தினார்கள்.

சத்தியமாக இதை நான் எழுதவில்லை.

5

நாயகி பதில் சொன்னாள். எல்லாரும் இன்னாசியைப் பார்த்தார்கள்.

"அவ என்னலே சொல்றா?"

"அது எனக்குத் தெரியாது" என்றான். மைக்கில் அவன் மூச்சு விடுவது கேட்டது.

சுவருக்கு அந்தப் பக்கம் செலின் எழுந்து நின்றாள்.

"எனக்குத் தெரியும். மைக்க இங்கன குடுங்க."

"வயரு பத்தாது டீச்சர்!" என்று சுருளியாண்டி பதறினார். ஆனாலும் மைக் கைமாறிக் கைமாறிச் சுவரைத் தாண்டிவிட்டது.

செலினுக்கு இந்தியில் ஓர் எழுத்துகூடத் தெரியாது.

6

முடிவுகள் மூன்று வைத்திருந்தேன். ஒன்றில் கரண்ட் போய்விடுகிறது. (எழுதுகிறவன் தப்பிக்கிற வழி.) இன்னொன்றில் அவளுடைய அண்ணன் வந்து கையைப் பிடித்து இழுத்துப்போகிறான். (அதற்கு ஓர் அண்ணனை நான் புதிதாக உண்டாக்க வேண்டும்.) மூன்றாவதில் அவள் சரி என்று...

வேண்டாம். மைக் அவள் கையில் இருக்கிறது. அவளுக்கும் நான் எழுதிக்கொடுப்பது முறையில்லை. அவள் என்ன சொன்னாள் என்று நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள். நான் போய்ப் படுக்கிறேன்.

ஒன்று மட்டும். அத்தனை பேர் முன்னால் மைக்கைக் கேட்டபோதும் அவள் அவனை அண்ணே என்று கூப்பிடவில்லை.

இதையும் அந்த மடையன் கவனித்திருக்க மாட்டான்.