யாருடைய எச்சில்?

"பாத்திரமெல்லாம் அப்படியே கெடக்கு, நீ என்னம்மா வாசல்லயே நிக்கிற?"

வெடியார் இப்படிக் கேட்டிருக்கக் கூடாது. வீட்டு வேலைக்கு வரும் அக்கா நகரவில்லை. மனைவி கையைக் கட்டிக்கொண்டு அவரையே பார்த்தாள். அவள் அப்படிப் பார்த்தால் விவகாரம் பெரிது என்பது அவருக்குத் தெரியும்.

வெடியார் என்பது மைதானத்தில் கிடைத்த பட்டம். அலுவலகத்தில் அவர், மேலாளர் இருமினாலே எழுந்து நிற்கிற குமாஸ்தா. கால்பந்து மைதானத்தில் கூட்டத்துக்கு நடுவே நின்றுவிட்டால் மட்டும் புலி. எதிரணியைக் கிழிகிழியென்று கிழிப்பார். திருப்பிப் பேச முடியாதவனைத் திட்டுவதற்கு வீரம் என்று பெயர் வைத்து, அதைத் தாமே நம்பவும் செய்தார், பாவம்.

அதற்கு முன்தயாரிப்பும் உண்டு. பெண் கொடுக்கப் போகிறவரைப்போல எதிரணி ஆட்டக்காரர்களின் குடும்பத்தைத் துருவித் துருவி விசாரிப்பார். கோல்கீப்பரின் அம்மா வீட்டு வேலை செய்கிறவள் என்று தெரிந்ததும் அவருக்குத் தலைகால் புரியவில்லை. நேற்று, பெனால்டி அடிக்கும் நேரம் பார்த்து, "எச்சில் தட்டு கழுவுறவ மகனே!" என்று கத்தினார். அரங்கமே அதைப் பிடித்துக்கொண்டது. பையன் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தான். பந்து உள்ளே போய்விட்டது. வெடியாரைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடினார்கள்; அந்த வீடியோ ஊர் முழுக்கச் சுற்றியது.

அவள் எந்த வீட்டில் வேலை செய்கிறாள் என்பதை மட்டும் அவர் விசாரிக்கவில்லை.

"நேத்துலேருந்து எம்மவன் சாப்பிடல சார்," என்றாள் அக்கா. "இனிமே ஆடவே மாட்டேன்னு பூட்ஸைத் தூக்கி எறிஞ்சுட்டான்."

"அது... உன் பையன்னு தெரியாதும்மா. ஆட்டத்துல இதெல்லாம் சகஜம்..."

"தெரிஞ்சிருந்தா வேற ஒருத்தி பெத்த பிள்ளையத் திட்டியிருப்பீங்க." அவள் குரலை உயர்த்தவே இல்லை. "நான் எச்சில் தட்டு கழுவுறவதான். அதுல எனக்கொண்ணும் வெக்கமில்ல. ஆனா அது யாரு எச்சில்னு அங்க சொன்னீங்களா சார்?"

சாப்பிட்ட தட்டை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு எழுகிற மனிதர் வெடியார். இத்தனை வருஷத்தில் அவளுக்குப் பிள்ளை உண்டா என்றுகூடக் கேட்டதில்லை. வெட்கம் அவரைப் பிடுங்கித் தின்றது.

"இனிமே நான் வரலம்மா," என்று மனைவியிடம் சொன்னாள் அக்கா. "அவன எழுப்பி பயிற்சிக்கு அனுப்பணும். ஆடாம எப்படி விடுவேன்?"

"போயிட்டு வாங்கக்கா," என்றாள் மனைவி. பிறகு உள்ளே போய்த் தன் தட்டையும் பிள்ளைகள் தட்டுகளையும் கழுவிக் கவிழ்த்தாள். மிச்சத்தை அவர் பக்கம் தள்ளினாள். வெடியார் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டார்.

அரைகுறையாகத் தேய்த்துக்கொண்டிருந்தபோது தெருவில் பைக்குகள் வந்து நின்றன. "வெடியார் வாழ்க! தலைவரே, வெளிய வாங்க!" என்று ஒரே கூச்சல். அடுத்த ஆட்டத்துக்குப் புதிதாக என்ன கத்தலாம் என்று கேட்க அவருடைய கூட்டாளிகள் வந்திருந்தார்கள்.

மனைவி போய்க் கதவை அகலமாகத் திறந்தாள்.

"உள்ள வாங்க தம்பிகளா. எச்சில் தட்டு கழுவுறவரு பின்னாடிதான் இருக்காரு."