ஒன்றோடு நிறுத்தியவர்கள்

கோகிலவாணி முட்டைகளை எடுத்து அட்டையில் அடுக்கியபடியே கோழிகளிடம் பேசிப் பழகினாள். "நாட்டுக்காக ஒன்றோடு நிறுத்தினோம். அதற்குத் தண்டனையாக நாடாளுமன்றத்தில் எங்கள் இடத்தைக் குறைப்பதா?" கோழிகள் எந்தக் கட்சியிலும் சேராதவை. தீவனத்திலேயே கண்ணாக இருந்தன.

வசனம் ஒன்றியச் செயலாளர் வீரபாகு கொடுத்தது. வாயாலேயே வடை சுடுகிற மனிதர். மக்கள்தொகைப்படி தொகுதிகளைப் பிரித்தால், குடும்பக் கட்டுப்பாட்டை ஒழுங்காகச் செய்த நம் பக்கத்துக்குப் பங்கு குறைந்துவிடும் என்று திருச்செங்கோட்டில் கண்டனக் கூட்டம் வைத்திருந்தார். மேடையேற ஒற்றைப் பிள்ளை பெற்ற பெண் ஒருத்தி வேண்டும். வார்டு உறுப்பினர் கோகிலவாணியை விட்டால் வேறு யார்?

"நல்லாப் பேசுங்கக்கா. மூணுல ஒரு சீட்டு பொம்பளைங்களுக்குன்னு சட்டமே வந்திருச்சு. டெல்லிக்கு ஆள் தேடறப்ப உங்க பேரைத்தான் சொல்லுவேன்" என்று ஆசை காட்டிவிட்டுப் போயிருந்தார். அவளுக்கும் ஆசை இருந்தது. இல்லையென்று பொய் சொல்வானேன்? கணவர் பூபதிக்கு அதைவிட ஆசை. கூட்டத்துக்கென்றே புது வேட்டி எடுத்திருந்தார்.

பந்தலில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். முன்வரிசையில் பூபதி.

"நாட்டுக்காக..." என்று தொடங்கினாள். மேலே வரவில்லை. வசனம் மறந்துவிடவில்லை. மகன் சபரிநாதன் பால்குடி மறந்த வருஷம் வயிற்றில் தங்கிய இன்னொன்று நினைவில் வந்து நின்றது. பூபதிதான் நாமக்கல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். திரும்புகையில் மல்லிகைப்பூ வாங்கிக் கொடுத்தார். அன்றைக்கு நாட்டைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

"நாட்டுக்காக இல்லீங்க" என்றாள். "காடு தோட்டம் பங்காகி ரெண்டாப் போயிருமுன்னுதான் எங்கூட்டுல ஒண்ணோட நிறுத்துனோம். எனக்கு இன்னொண்ணு வேணுமுன்னு இருந்துச்சு. டெல்லில நம்மளைக் கேக்காம முடிவு பண்றாங்கன்னு இங்க வந்து உக்காந்திருக்கறோம். நெசந்தானுங்க, கேக்கோணும். என்னையும் அன்னைக்கு யாரும் கேக்கலீங்க."

வீரபாகு மைக்கை வாங்க எழுந்து வந்தார். அவள் கொடுத்துவிட்டாள். டெல்லி சீட்டு போனது போனதுதான் என்று அவளுக்குத் தெரிந்தது. பூபதி புது வேட்டியின் மடிப்பை நீவிக்கொண்டிருந்தார்.

வீரபாகு தொண்டையைச் செருமி, பெரிய குரலில் பேச ஆரம்பித்தார். பெண்கள் பக்கம் யாரும் மேடையைப் பார்க்கவில்லை. ஒவ்வொரு தலையாக, மெல்ல, ஆண்கள் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தது.