ஏழு, ஏழு ஏ, ஒன்பது

மாத்தளை நகரின் ஓரத்தில் மிளகும் ஏலமும் பொதி செய்யும் அந்தக் கம்பனியில் எட்டு என்ற இலக்கம் கிடையாது. சாப்பாட்டுப் பெட்டி வைக்கும் தட்டில் ஏழுக்குப் பிறகு 7ஏ, அதன் பிறகு ஒன்பது. பொதி மேசைகளும் அப்படியே. ஏன் என்று கேட்டால் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். எட்டாம் மேசையில் ஒருத்தியின் விரல் நசுங்கியது என்பார் ஒருவர். இல்லை, அதன் அடியில் சாரைப்பாம்பு சுருண்டு கிடந்தது என்பார் இன்னொருவர். மாதத்தில் எட்டாம் திகதி மட்டும் யார் பேச்சையும் கேளாமல் வந்துவிடும். அன்றைக்கு யாரும் புதிதாக எதையும் தொடங்குவதில்லை.

போன வாரம் இந்தக் கட்டடத்துக்குள் ஒரு புதிய இயந்திரம் வந்தது. பன்னிரண்டு நிலையங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு இலக்கப் பலகை, ஒரு மோட்டர், அந்த மோட்டரின் இலக்கத்தைத் திருகி வைக்கும் டயல் உள்ள ஒரு பூட்டுப் பெட்டி, எல்லாவற்றையும் கோத்தபடி ஒரே ஒரு கேபிள். கேபிளின் தலைமாட்டில் ஒரு கணினி. அது விநாடிக்கு ஆயிரம் தடவை, வகுப்பில் வரவு எடுப்பது போல, இடாப்பு வாசிக்கும். ஒன்று, இரண்டு, மூன்று என்று கூப்பிடக் கூப்பிட, ஒவ்வொரு மோட்டரும் 'இருக்கிறேன்' என்று சொல்லி, தான் எவ்வளவு சுழன்றிருக்கிறேன் என்பதையும் சொல்ல வேண்டும். பன்னிரண்டும் ஒரே தாளத்தில் சுழன்றால் மிளகு பைக்குள் விழும். இல்லாவிட்டால் தரையில்.

அந்த இடாப்பைக் கவனிப்பதுதான் இருபத்துநாலு வயது அஸ்ராவின் வேலை. மூன்று மாதத் தற்காலிக வேலை, இந்த மாதத்தோடு முடிகிறது. இயந்திரம் சோதனையில் தேறினால் நிரந்தரக் கடிதம் தருவதாக முதலாளி நிஸ்தார் சொல்லியிருந்தார். தேறாவிட்டால் என்ன என்பதை அவர் சொல்லவில்லை. சோதனை இன்றைக்குத்தான். இயந்திரத்தை விற்றவர்களின் எஞ்சினியர் விஜேந்திரன் பத்து மணிக்குக் கொழும்பிலிருந்து வருவார்.

ஒன்பதுக்குக் கால் மணித்தியாலம் இருக்கும்போது அஸ்ரா திரையைப் போட்டாள். பன்னிரண்டு கட்டங்களில் பத்து பச்சையாக இருந்தன. ஏழாவது பச்சையும் சிவப்புமாகக் கண் சிமிட்டியது. எட்டாவது சாம்பல் நிறத்தில், குடிவராத வீடு மாதிரிக் கிடந்தது.

மோட்டர்களைப் பொருத்திய மெக்கானிக் அழகுமுத்துவிடம் ஓடினாள்.

"அழகண்ணே, எட்டாவது மோட்டருக்கு என்ன நம்பர் வச்சீங்க?"

"எட்டாவதுன்னு இங்க ஏது?"

"சரி. ஏழு ஏ."

"பலகையில உள்ள நம்பர டயல்ல வைங்கன்னு கொழும்பு சேர் போன்ல சொன்னாரு. டயல்ல ஏழு இருந்துச்சு, ஏ இல்ல. ஏழுல வச்சுட்டேன்."

"அப்ப ஏழாவதுக்கு?"

"அதுக்கும் ஏழுதான். ஏழ வேற எதுல வைக்கிறதாம்?"

ஒரே இலக்கத்துக்கு இரண்டு மோட்டர்கள் கை தூக்கிக்கொண்டிருந்தன. கணினி ஒரு தடவை இதைப் பார்த்தது, மறு தடவை அதைப் பார்த்தது, எட்டைக் கூப்பிட்டால் யாருமே எழும்பவில்லை.

"அத எட்டுல வைங்கண்ணே."

அழகுமுத்து திருப்புளியைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். "மங்களத்துக்கிட்ட கேளு. பெட்டிச் சாவி அவகிட்டதான்."

மங்களேஸ்வரி பொதிப் பகுதியின் மேற்பார்வையாளர். சாவிக்கொத்து அவள் இடுப்பில் இருந்தது.

"பதிமூணுல வை," என்றாள்.

"கணினியில உள்ள லிஸ்டு ஒண்ணுல இருந்து பன்னெண்டு வரைக்கும்தான்கா. விஜேந்திரன் சேர் அத பூட்டி வச்சிருக்காரு. தொறக்கணும்னா சோதனை அடுத்த மாசம்தான்."

"அடுத்த மாசம் வச்சா என்ன கொறைஞ்சு போகுது?"

"நான் கொறைஞ்சு போவேன்கா."

மங்களேஸ்வரி 7ஏ நிலையத்தைக் கண்ணால் காட்டினாள். "அங்க நிக்கிறவ கிருஷாந்தினி. கல்யாணம் பேசிக்கிட்டிருக்காங்க. எட்டுல நிறுத்தினேன்னு தெரிஞ்சா அவ அம்மா எங்க வீட்டு வாசல்லயே உட்கார்ந்துடுவா."

"பலகை அப்படியே இருக்கட்டும். திரையிலயும் ஏழு ஏன்னே பேர் போடுறேன். எட்டு பெட்டிக்குள்ள மட்டுந்தான். மெஷினத் தவிர யாருக்கும் தெரியாது."

"எனக்குத் தெரியுமே, புள்ள."

என்றாலும் அவள் கை சாவிக்கொத்துக்குப் போனது. மூவரும் பெட்டியருகே போனார்கள். அழகுமுத்து மின்சாரத்தை நிறுத்தினார். மங்களேஸ்வரி பூட்டைத் திறந்தாள், பார்க்க மட்டும் என்று சொல்லிக்கொண்டே. பத்துக்கு ஒரு டயல், ஒன்றுக்கு ஒரு டயல். ஒன்றின் டயல் சட்டைப் பொத்தான் அளவுதான். சுற்றிவரப் பூச்சியத்திலிருந்து ஒன்பது வரை.

"இது ரெண்டு பக்கமும் சுத்துமா?" என்று கேட்டாள்.

"சுத்தும்," என்றார் அழகுமுத்து.

"ஏழுக்கு அப்புறமா வந்தாத்தானே அது எட்டு. பின்னால சுத்தி ஒம்பதுக்குப் போய், அங்கேருந்து ஒண்ணு கொறைச்சா?"

அஸ்ரா சிரிப்பை விழுங்கினாள். "அது ஒம்பதுக்கு முந்தினதுதான்கா."

"எழுதி வச்சுக்க. அழகு, சுத்துங்க."

ஆறு, ஐந்து, நான்கு என்று முள் பின்னோக்கி நடந்தது. பூச்சியத்தைத் தாண்டி ஒன்பதில் வந்து நின்றது. "கொஞ்சம் நிக்கட்டும், அவசரப்படாதீங்க," என்றாள் மங்களேஸ்வரி. ஒன்பதிலிருந்துதான் வருகிறோம் என்பது டயலுக்கு நன்றாக மனதில் பதிய வேண்டுமாம். பிறகு ஒரே ஒரு சொடுக்கு.

மின்சாரம் வந்தது. பன்னிரண்டும் பச்சை.

விஜேந்திரன் வந்தார். இயந்திரம் இரண்டு மணித்தியாலம் நிற்காமல் ஓடியது. தரையில் ஒரு மிளகுகூட இல்லை. கடைசியில் அச்சடித்த படிவத்தோடு அவர் ஒவ்வொரு நிலையமாக நடந்தார். அஸ்ராவும் நிஸ்தாரும் மங்களேஸ்வரியும் பின்னால் போனார்கள். ஏழுக்குச் சரி போட்டுவிட்டு அடுத்த பலகையைப் பார்த்தார்.

"தங்கச்சி, இதுதானே எட்டு?"

அத்தனை பெண்களும் தங்கள் பைகளைக் குனிந்து பார்த்தார்கள். அஸ்ரா தன் செருப்பைப் பார்த்தாள். பெட்டி கிருஷாந்தினியிடமிருந்து மூன்றடி தூரத்தில்தான் இருந்தது. காலையில் நடந்த பேச்சில் ஒரு சொல்லையும் அவள் தவறவிட்டிருக்க முடியாது. அவள் பையை ஒட்டி முடித்து அடுத்ததை எடுத்தாள்.

"இல்ல சேர். ஒம்பதுக்கு முந்தினது," என்றாள் கிருஷாந்தினி.

விஜேந்திரன் பலகையைப் பார்த்தார், மங்களேஸ்வரியைப் பார்த்தார். படிவத்தில் எட்டாவது வரிக்கு மேலே அவருடைய பேனை இறங்கிப் பாதியில் நின்றது. அதை அஸ்ராவிடம் நீட்டினார்.

"இந்த ஒரு வரிக்கு மட்டும் நீங்க சரி போடுங்க. எங்க வீட்ல அடுத்த வாரம் ஒரு நல்ல காரியம் இருக்கு."

அஸ்ரா போட்டாள். சரி கொஞ்சம் பெரிதாகவே விழுந்தது. மீதி வரிகளை அவரே முடித்து, கையெழுத்து வைத்து, தாளை நிஸ்தாரிடம் கொடுத்தார்.

நிஸ்தார் அதை மேலிருந்து கீழ்வரை வாசித்தார்.

"மகள், ஒங்கட முழுப்பேர் என்ன?" என்று கேட்டார். "கடிதத்துல போடணும்."