இடக்கைக்கு ஒரு காலுறை

1

இந்தக் கதை எனக்கு ஒரு முடிச்சிலிருந்து கிடைத்தது. கேமரன் மலையில் கியா பார்ம் காய்கறிச் சந்தைக்கு முட்டைக்கோஸ் வாங்கப் போயிருந்தேன். கடைக்காரர் பையின் வாயை வலது மணிக்கட்டால் மேசையோடு அழுத்திக்கொண்டு, இடக்கை விரல்களால் மட்டும் கயிற்றைச் சுற்றி முடிச்சுப் போட்டார். நான் வெட்கமில்லாமல் பார்த்துக்கொண்டே நின்றேன்.

"பொறந்ததுலேருந்தே இப்படித்தான்லா," என்று அவரே சிரித்தார். "நான் தேயிலைத் தோட்டத்துல பொறந்தவன். அங்க ஆயா ஒருத்தவங்க ஒரு வயசுக்குள்ளயே பாத்துட்டாங்க. அதான் இந்த அளவுக்காவது வந்துச்சு."

அதற்குள் சுற்றுலா பஸ் ஒன்று வந்து நிற்க, அவர் ஸ்ட்ராபெரிப் பக்கம் ஓடிவிட்டார்.

எனக்குக் கிடைத்தது அவ்வளவுதான். அத்தனை குழந்தைகளுக்கு நடுவில் அந்த ஒரு கை எப்படி அந்த ஆயாவின் கண்ணில் பட்டது? திரும்பிப் போய்க் கேட்டிருக்கலாம். கேட்டால் கதை போய்விடும் என்று எழுத்துக்காரப் புத்தி தடுத்தது. ஆகவே இனி வருவதெல்லாம் என் கற்பனை.

2

முதல் தொடக்கம்: மூடுபனி மலையைத் தழுவிக்கொண்டிருந்த ஒரு காலையில்... (வேண்டாம். கேமரன் மலையைப் பற்றி எழுதுகிற எல்லாரும் பனியில்தான் தொடங்குகிறார்கள். அங்கே குடியிருப்பவர்களுக்குப் பனி என்றால் காயாத துணி.)

இரண்டாவது: பாஞ்சாலை குழந்தைகளைத் தெய்வமாகவே... (இதுவும் வேண்டாம். நாள் முழுக்க மூக்குத் துடைத்துவிடுகிறவள் அப்படியெல்லாம் நினைக்கமாட்டாள்.)

மூன்றாவது: 1978. ரிங்லெட்டுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். பெண்கள் கொழுந்து எடுக்கப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுச் செல்லும் ஆயாக் கொட்டகை. அதன் ஆயா பாஞ்சாலைக்கு நாற்பது வயது. இரண்டு முட்டியிலும் ஓயாத வலி. அடுப்போரம் உட்கார்ந்து, குழந்தைகளுக்கென்று தோட்டம் கொடுத்த பிஸ்கட்டில் ஒன்றைத் தன் தேநீரில் தோய்த்துத் தின்றுகொண்டிருக்கிறாள்.*

* அவளை ரொம்ப நல்லவளாக எழுதிவிடுவேனோ என்ற பயத்தில் இந்தச் சின்னத் திருட்டைச் சேர்த்தேன். சேர்த்த பிறகு அவளை எனக்கு இன்னும் பிடித்துவிட்டது.

3

கொழுந்து எடுக்கிற அம்சவல்லிக்குத் தலைப்பிள்ளை ராதாகிருஷ்ணன். பத்து மாதம். ஒருநாள் காலையில் அவனைப் பாயில் தலையணையை முட்டுக்கொடுத்து உட்காரவைத்துவிட்டு, போகாமல் நின்றாள்.

"அக்கா, இவன் எதுக்கெடுத்தாலும் பீச்சாங்கையத்தான் நீட்டுறான். இப்பவே சோத்துக்கைக்குப் பழக்கி விடுங்கக்கா. நாளைக்குப் பந்தியில ஒக்காந்தா நாலு பேரு சிரிப்பாங்க."

"அட, இதுக்கா மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்க? நான் பாத்துக்கறேன், நீ போ."

பாஞ்சாலைக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். குளிருக்காகக் குழந்தைகளின் கையில் மாட்டுகிற கம்பளிக் காலுறையை எடுத்து, அவன் இடக்கையில் மட்டும் மாட்டி நாடாவால் கட்டினாள். முன்னால் ஒரு பிஸ்கட்டை வைத்தாள்.

ராதாகிருஷ்ணன் பிஸ்கட்டைப் பார்த்தான். காலுறையைப் பார்த்தான். காலுறைக் கையால் பிஸ்கட்டைத் தள்ளித் தள்ளிப் பார்த்தான். வலக்கை மடங்கி மார்போடு ஒட்டியே இருந்தது. கடைசியில் அப்படியே கவிழ்ந்து, பாயில் வாயை வைத்துக் கவ்விக்கொண்டான்.

"அடப் போக்கிரி!" என்று பாஞ்சாலை சிரித்தாள். சிரித்து முடித்ததும் அவளுக்கு ஒரு யோசனை வந்தது. சும்மா கிடக்கிற கையை இவன் ஏன் மறந்தான்?

அடுத்த பாயில் அதே வயதுப் பெண்குழந்தை ஒன்று இருந்தது. காலுறையைக் கழற்றி அதன் இடக்கையில் மாட்டினாள். அது வீறிட்டு அழுதபடியே வலக்கையால் பிஸ்கட்டைப் பறித்தது. வலக்கையில் மாட்டினாள், இடக்கையால் பறித்தது. மறுபடி ராதாகிருஷ்ணனிடம் வந்தாள். தகரக் கிண்ணம், கரண்டி, தேயிலைக் கொழுந்து என்று ஒவ்வொன்றாக அவன் வலப்பக்கம் வைத்தாள். காலுறை இல்லாத இடக்கை, உடம்பையே திருப்பிக்கொண்டு குறுக்கே வந்தது. வலக்கை முஷ்டியைப் பிரித்தாள். கட்டைவிரல் உள்ளே மடங்கியிருந்தது. விட்டதும் மறுபடி மூடிக்கொண்டது.

(ஓர் ஆயாவுக்கு இத்தனை ஆராய்ச்சி மனம் இருக்குமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். எந்தக் குழந்தை எதற்கு அழுகிறது என்று காலையிலிருந்து துப்புத் துலக்குகிறவளுக்கு இல்லாமல் வேறு யாருக்கு இருக்கும்?)

4

தோட்டத்து மருந்தகத்தைப் பார்த்துக்கொள்ளும் டிரசர் கிளாரன்ஸ் அந்த வாரம் கொட்டகைக்கு வந்தார். ஒரு குழந்தையின் காதில் மருந்து விட்டுக்கொண்டிருந்தபோது பாஞ்சாலை மெல்லப் பேச்சைத் தொடங்கினாள்.

"ஐயா, புள்ளைங்களுக்கு எந்தக் கைப் பழக்கம்னு எப்பத் தெரியும்?"

"ஒரு வயசுக்கு முந்தி தெரியாதும்மா. ரெண்டையும்தான் நீட்டும். அதுக்குள்ளயே ஒரு கைய மட்டும் நீட்டுதுன்னா, நீட்டாத கையத்தான் பாக்கணும். தாப்பா ஆஸ்பத்திரியில காட்டி இப்பவே பயிற்சி குடுத்தா, கை கொஞ்சமாச்சும் வேலைக்கு ஒதவும். லேட்டானா கஷ்டம்லா." மருந்துப் புட்டியை மூடிவிட்டு நிமிர்ந்தார். "ஏன், யாருக்காச்சும் அப்படி இருக்கா?"

"சும்மாதான் கேட்டேன்யா."

இந்த வரியை எழுதிவிட்டுச் சில நாள் பேனாவைத் தொடவில்லை. இவள் ஏன் பொய் சொன்னாள்?

5

யோசித்ததில் நீலாவதி கிடைத்தாள். பாஞ்சாலைக்கு முன் அங்கே ஆயாவாக இருந்தவள். ஒரு குழந்தையின் நெற்றி வீங்கியிருக்கிறது என்று தாயிடம் சொன்னவள் நீலாவதியேதான். நீதான் கீழே போட்டிருப்பாய் என்று லைன் வீடுகள் முழுக்கப் பேச்சு. தோட்டத்துக் கணக்கரான கிராணி அவளைக் கொட்டகையிலிருந்து எடுத்து மலைச்சரிவு வேலைக்கு அனுப்பிவிட்டார். பாஞ்சாலையின் முட்டி சரிவில் ஏறாது. கொட்டகை போனால் அவளுக்கு வேலை இல்லை. வேலை போனால் தோட்டத்து வீடும் இல்லை. பாவம், அவள் பயந்ததில் என்ன தப்பு?

ஆகவே இரண்டு முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

(அ) வாயைத் திறக்கவில்லை. காலுறையை மறுபடி மாட்டினாள். ராதாகிருஷ்ணன் பள்ளிக்கூடம் போகும் வயதில்... (முடியவில்லை. கியா பார்ம் முடிச்சு கண்முன் வந்து நிற்கிறது.)

(ஆ) டிரசரின் பின்னாலேயே ஓடிப்போய் எல்லாவற்றையும் சொன்னாள். (ஓடிப்போய் என்று எழுதும்போது அவள் முட்டியை மறந்துவிட்டேன். அதுவும் இல்லாமல், தாய்க்குத் தெரியாமல் பிள்ளையின் சங்கதியை ஊராரிடம் சொல்கிறவளாக அவளை நினைக்க முடியவில்லை.)

6

டிரசர் வந்துபோன அன்று சாயங்காலம், கொழுந்து நிறுவை முடிந்து அம்சவல்லி வந்தாள். கூடையை வாசலில் இறக்கினாள்.

"பழகிட்டானாக்கா?"

பாஞ்சாலை அவளைப் பாயில் உட்காரச் சொல்லி, குழந்தையை மடியில் வைத்தாள். அவன் இடக்கையைத் தன் கைக்குள் மெதுவாகப் பொத்திக்கொண்டாள். தன் தேநீருக்கென்று ஒதுக்கியிருந்த பிஸ்கட்டை எடுத்து நீட்டினாள்.

"இந்தா அம்சா. நீயே குடுத்துப் பாரு."

அம்சவல்லி பிஸ்கட்டைக் காட்டினாள். குழந்தை அம்மாவைப் பார்த்துச் சிரித்தான். வாயைத் திறந்தான். வலக்கை வரவில்லை.

"எடுடா தங்கம்."

வரவில்லை. பாஞ்சாலை, 'கீழ போட்டீங்களா' என்ற கேள்வி இப்போது வரும் என்று அம்சவல்லியின் வாயையே பார்த்தாள்.

"குளிப்பாட்டயில இந்தக் கை தொறக்கவே மாட்டேங்குதுக்கா," என்றாள் அம்சவல்லி. "வெரலப் பிரிச்சாத்தான் உள்ள இருக்கற அழுக்கு போவுது. பொறந்ததுலேருந்தே இப்படித்தான். வெளிய சொன்னா எம்புள்ளைக்குப் பட்டப்பேரு வெச்சிருவாங்கன்னு பயம். அதான் பீச்சாங்கைப் பழக்கம்னு சொல்லி உங்ககிட்ட விட்டுட்டுப் போனேன். நீங்களாப் பாத்துச் சொல்லுவீங்கன்னு..."

அவள் முடிக்கவில்லை. நானும் முடித்துவைக்கவில்லை.

7

இதை எழுதியதும் மூன்றாம் பகுதிக்குத் திரும்பிப் போனேன். அன்று காலை அம்சவல்லியின் முகம் எப்படி இருந்தது என்று நான் ஒரு வரிகூட எழுதவில்லை. மூஞ்சியைத் தூக்கி வைத்திருக்கிறாள் என்று கவனித்தவள் பாஞ்சாலைதான்.

தாப்பா போகிற லோரியில் இடம் கிடைத்ததா, டாக்டர் என்ன சொன்னார், கிராணி யார்மேல் பழி போட்டார், எதுவும் எனக்குத் தெரியாது. எழுதப் போவதும் இல்லை. அந்தக் கை முழுதாகச் சரியாகவில்லை, அதை நான் கண்ணால் பார்த்தேன். அந்த மணிக்கட்டு பையை அழுத்திப் பிடித்ததையும் பார்த்தேன். நடுவில் இருக்கிற வருடங்களை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள்.

அதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. பாஞ்சாலை இடக்கையை விட்டுவிட்டாள். அம்சவல்லி கண்ணைத் துடைக்க வேண்டும் என்று பிஸ்கட்டை உங்களிடம் கொடுக்கிறாள். குழந்தை இன்னும் வாயைத் திறந்தபடிதான் இருக்கிறான். எந்தக் கைப் பக்கமாக நீட்டப் போகிறீர்கள்?