மூன்று வோல்ட் சிப்பும் அண்ணியின் கையும்

காது கேட்கும் திறனைச் சோதிக்கும் கருவிகள் செய்கிற தொழிற்சாலை அது. அந்தக் கருவியை வடிவமைத்த இன்ஜினியருக்குத் தன் அண்ணி மீதான புகாரில் தானே கையெழுத்துப் போட வேண்டிய கதி வந்தது. அண்ணனுக்கு வேலை போன பிறகு அவளைச் சோதனை மேசையில் சேர்த்துவிட்டவனும் அவன்தான். அவனுடைய கைக்குழந்தை உட்பட எல்லாரும் ஒரே வீட்டில்தான் இருந்தார்கள்.

நகத்தைவிடச் சின்ன சிப் ஒன்று. ஒலியை இடது காதுக்கோ வலது காதுக்கோ திருப்பிவிடுவதுதான் அதன் வேலை. மூன்று வோல்ட்டில் ஓடும் பூஞ்சை உடம்பு. முதல் வாரம் அண்ணியின் மேசையில் நான்கு சிப்புகள் செத்தன.

"உங்க கையில இருக்கிற கரன்ட்தான். பட்டையை ஒழுங்கா மாட்டுங்க!" என்று மேலாளர் எல்லார் காதிலும் விழும்படி சத்தம் போட்டார். உடம்பில் சேரும் மின்சாரத்தைத் தரைக்கு அனுப்பும் மணிக்கட்டுப் பட்டையைத்தான் சொன்னார். அதற்கடுத்த இரண்டு வாரத்தில் இன்னும் பதின்மூன்று செத்தன. மற்ற மேசைகள் எல்லாம் சேர்த்து இரண்டே இரண்டு.

வெள்ளிக்கிழமை அண்ணியின் சோதனைக் காலம் முடிகிறது. நிரந்தரமா, வீட்டுக்கா என்பதை, சிப்புகளைக் கெடுத்தாள் என்று அவள் மேல் எழுதிய அந்தப் புகார் முடிவு செய்துவிடும். சொந்தக்காரிக்குப் பரிந்து பேசினான் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்று அவன் மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டான். நியாயவான் என்று பெயரெடுக்க ஆசைப்படுகிறவர்கள் இப்படித்தான், வீட்டு மனுஷர் கழுத்தில்தான் முதலில் கத்தியை வைப்பார்கள்.

போட்ட பிறகு அவனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வியாழக்கிழமை காலை ஒரு முக்காலியை இழுத்துப்போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"வேவு பாக்க வந்தீங்களா தம்பி?"

"இல்ல அண்ணி. நீங்க உங்க வேலையைப் பண்ணுங்க."

பட்டை இறுக்கமாகத்தான் இருந்தது. அவள் சிப் பொருத்திய பலகைக்கு மின்சாரம் கொடுத்தாள், ஒலி தருகிற இயந்திரத்தின் கம்பியை அதில் செருகினாள், அளவைக் குறித்தாள். பிறகு மின்சாரத்தை அணைத்துவிட்டு, கம்பியைத் தொடாமல், உதடு அசைய என்னவோ எண்ணிக்கொண்டிருந்தாள்.

அணைத்த பலகையில் பச்சை விளக்கு மங்கலாக எரிந்துகொண்டிருந்தது.

அவன் அந்தக் கம்பியின் மறுமுனை வரை கண்ணை ஓட்டினான். அந்த ஒலி இயந்திரத்துக்குத் தனி மின்சாரம். பலகையை அணைத்தாலும் அது விடாமல் ஒலியை மின்சாரமாக அனுப்புகிறது. போக வழியில்லாத அந்த மின்சாரம் சிப்பின் வயிற்றுக்குள் புகுந்து பலகை முழுவதையும் ஓட்டப் பார்க்கிறது, சிப் கருகுகிறது. முதலில் கம்பியைக் கழற்ற வேண்டும், அப்புறம்தான் அணைக்க வேண்டும். வழியில் மின்சாரத்தைக் கட்டுப்படுத்த ஒரு ரெசிஸ்டர் வைத்திருந்தாலும் சிப் தப்பித்திருக்கும். அதையும் அவன் வைக்கவில்லை.

"ஏன் அண்ணி முதல்ல அணைக்கிறீங்க?"

அவள் சுவரில் ஒட்டியிருந்த தாளைக் காட்டினாள். 'மின்சாரத்தை அணைத்த பிறகே கம்பியைக் கழற்றவும்.' கீழே அவனுடைய கையெழுத்து. யாருக்கும் ஷாக் அடிக்கக் கூடாது என்று வேறொரு பெரிய கருவிக்கு எழுதியதை அப்படியே இங்கேயும் ஒட்டியிருந்தான். எழுந்து மற்ற மேசைகளைச் சுற்றி வந்தான். எல்லாரும் அரட்டையடித்தபடி, அணைக்காமலே கம்பியைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள்.

மேலாளரிடம் போய்ச் சொன்னான். "மிஷின் கோளாறுன்னு முடிச்சிடலாம்பா. நீ ஏன் தலையைக் குடுக்குற?" என்றார் அவர்.

"அவங்களை எல்லார் முன்னாலயும்தானே சார் திட்டினீங்க?"

தேநீர் இடைவேளையில் நாற்பது பேர் முன்னால் சுவரில் இருந்த அந்தத் தாளைக் கிழித்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். "சிப்பைக் கொன்னது அண்ணி இல்ல, நான். இதுல எழுதினதே தப்பு. அதைப் படிச்சு நடந்தது அவங்க ஒருத்தங்கதான். புகாரையும் திரும்ப வாங்கிட்டேன்."

அண்ணி மெதுவாகக் கேட்டாள்.

"திட்டு வாங்கினதுல இருந்து, இன்னும் ஜாக்கிரதையா இருக்கணும்னு, அணைச்சிட்டுப் பத்து எண்ணின பிறகுதான் கம்பியைத் தொடுவேன். அப்போ நான் ஜாக்கிரதையா இருக்க இருக்கத்தான் அதிகமா செத்துச்சா?"

"ஆமா அண்ணி."

அவள் தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ராசியில்லாத கைன்னு நினைச்சு ரெண்டு வாரமா உங்க குழந்தையைக்கூடத் தூக்கலையே தம்பி," என்று சொல்லிவிட்டு, அத்தனை பேர் முன்னாலும் வாய்விட்டு அழுதாள்.