உயரமான குறிமுள்

அப்பா விட்டுப்போன லீவர் ரைஃபிளின் குழல் முனையில், குறிபார்க்கும் இரும்பு முள்ளைப் புதிதாக மாற்றியிருந்தாள் லோர்னா. இன்று தூரத்தில் நிறுத்திய தகரத்தட்டில் அவள் குண்டு படாவிட்டால் ரைஃபிள் அண்ணன் வெர்லுக்கு என்பது பேச்சு. மொன்டானாவில் மான் வேட்டை நாளை தொடங்குகிறது.

முதல் குண்டு தட்டுக்குக் கீழே மண்ணைக் கிளப்பியது.

"மண்புழு வேட்டையாடுறியா? கொண்டா இங்க!" என்று கை நீட்டினான் வெர்ல்.

லோர்னா அப்பாவின் அரத்தால் முள்ளின் தலையைத் தேய்த்தாள்.

"குண்டே கீழ போகுது, முள்ளயும் குள்ளமாக்குறியே! மூளை இருக்கா?"

"முள்ளு தணிஞ்சா, அத தட்டுக்கு நேரா கொண்டுவர குழல நிமித்தணும், குண்டும் மேல போகும். அதான் உயரமா பாத்து வாங்கினேன். தேய்க்கலாம், வளர்க்க முடியாது. வாய மூடு."

அடுத்த குண்டில் தட்டு அலறியது. நீட்டிய கையை வெர்ல் இன்னும் மடக்கவில்லை. லோர்னா அதில் அரத்தை வைத்தாள்.

"அப்பா சொத்துல இதான் உன் பங்கு."