ஒரு வசனம், நாற்பது வாய்

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. அதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். ஹொல்ம்லியா போகும் ரயிலில் எதிரே இருந்த நிலூஜா, கைப்பேசியில் தன் அலுவலக அறிக்கை ஒன்றை என்னிடம் நீட்டினாள். 'நிலூஜாவின் கவனக்குறைவு' என்றிருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் அவள் அதில் கையெழுத்திட வேண்டுமாம்.

ஒஸ்லோவில் பனி மெல்லப் பெய்துகொண்டிருந்த ஒரு… (வேண்டாம். பனி இதில் அழகுக்கு வரவில்லை.)

2

குடியிருப்புகளின் வெப்பமூட்டியை இயக்கும் கையகலப் பெட்டிகளுக்கு மென்பொருள் எழுதுபவள் நிலூஜா. பெட்டிக்குள் இடம் மிகக் குறைவு. அதனால் நாற்பது சிறு கட்டளைகளுக்கும் வேண்டிய செய்திகள் ஒரே கோப்பில் இருக்கும். 'எழுதுதல் தோல்வி' என்ற வசனம் அங்கே ஒரே ஒருமுறைதான். (பெட்டியால் தன் நினைவகத்தில் எதையாவது பதிய முடியாதபோது வருவது; மூலம் நோர்வேஜிய மொழியில்; உங்களுக்காகத் தமிழில்.) எந்தக் கட்டளை தடுக்கி விழுந்தாலும் அதையே எடுத்துச் சொல்லும்.

(கதை எழுதும் நாங்கள் மட்டும் என்ன? 'அவள் கண்கள் கலங்கின' என்ற ஒரு வசனத்தை வைத்து எத்தனை கதாநாயகிகளை ஒப்பேற்றியிருக்கிறோம்! நிலூஜாவின் கண்கள் கலங்கவில்லை. அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.)

குழுத் தலைவன் கதிர், சென்னைக்காரன், அவள் மேசையருகே வந்து நின்றான்.

"'தோல்வி'ன்னா கஸ்டமர் பயப்படுறாங்க. 'பிறகு முயலவும்'னு மாத்திடுங்க நிலூஜா. ஒரு லைன்தானே?"

"ஓம் கதிர். ஆனா ஒருக்கா யோசிச்சுப் பாப்பமே."

அவன் விடவில்லை. அவள் மாற்றினாள்.

3

எச்சரிக்கை மணியை அடிக்கும் கட்டளை 'தோல்வி' என்ற சொல்லைத்தான் தேடிக்கொண்டிருந்தது. அது வரவேயில்லை. ஜனவரியில் வெப்பமூட்டி நின்றது, மணி அடிக்கவில்லை. ஒரு கட்டிடம் முழுக்க இரண்டு நாள் ஜாக்கெட்டோடு படுத்தது.

மாற்றம் செய்தால் காரணத்தையும் குறித்துவைப்பது அவர்கள் வழக்கம். நிலூஜா குறித்திருந்தாள். கதிரோ அந்த வாரக் குறிப்புகளையெல்லாம் ஒன்றாகச் சுருட்டி, 'சிறு திருத்தங்கள்' என்று ஒரே வரியாக்கினான். காரணம் போனது, அவள் பெயர் மட்டும் மிஞ்சியது. என்ன நெஞ்சழுத்தம்!

(கதிரை நல்லவனாக்க மூன்று தடவை முயன்றேன். 'அவனுக்கும் மேலே ஒருவர்…' போதும். அவருக்கும் மேலே ஒருவர் இருப்பார்.)

4

முடிவு ஒன்று: கையெழுத்திடுகிறாள், வேலை மிஞ்சுகிறது.

முடிவு இரண்டு: சுருட்டாத குறிப்பு அவள் கணினியில் இன்னும் இருக்கிறது. அதை எல்லோருக்கும் அனுப்புகிறாள், வேலை…

இதை எழுதும்போதுதான் எனக்கு வெட்கமாகிவிட்டது. 'யோசிச்சுப் பாப்பமே' என்று அவள் சொல்லவேயில்லை. இந்தக் கதையைக் கேட்டிருந்த பத்திரிகைக்காரர் "கொஞ்சம் மென்மையாக" என்றார். ஒரு வரிதானே என்று நானும் மாற்றிவிட்டேன். ரயிலில் அவள் சொன்னது இது:

"நாப்பது கட்டளையும் அந்த ஒரு வசனத்தைத்தான் கதைக்கும், மாத்தினா மணி அடிக்காது, சனம் குளிருக்கை கிடக்கும் எண்டு அவரிட்டைச் சொன்னனான். மணியைப் பிறகு பாப்பம் எண்டார். அப்ப நீங்கள் சொல்லித்தான் மாத்திறன் எண்டு குறிப்பிலை எழுதுவன் எண்டனான். எழுதினனான்."

இன்று வியாழன். முடிவை நான் எழுதப்போவதில்லை. என் கையை நானே நம்பவில்லை. அவள் சொன்னது இப்போது உங்களிடம் இருக்கிறது. நாளை யாராவது கேட்டால், ஒரு சொல்லும் மாற்றாமல் சொல்லுங்கள்.